ஏழாவது சொட்டோடு நின்ற ரத்தம்

தரையில் ஏழு சொட்டு ரத்தம் காய்ந்து கிடந்தது. முதல் சொட்டு குளிர்பெட்டியின் உடைந்த கண்ணாடிக் கதவுக்கு நேர் கீழே. அங்கிருந்து காலடிக்கு ஒன்றாக நடந்து போய், மூலையில் இருந்த வெள்ளைக் கழுவுதொட்டிக்கு ஒரு சாண் முன்னால் ஏழாவது சொட்டு. அத்தோடு சரி.

“ஏழுதான் அண்ணி. மூணு தடவை எண்ணிட்டேன். எட்டாவது கண்டிப்பா வேணும்னா சொல்லுங்க, என் விரலைக் குத்திக்கிறேன்” என்றாள் ரேடியோ.

ரேடியோ என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயரில்லை. வாய் ஓயாததைப் பார்த்து அண்ணி வைத்த பெயர். அண்ணனுக்கு மனைவியாக வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே நாத்தனாருக்குப் பட்டப்பெயர் வைக்கும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? அப்போது ரேடியோவுக்குக் கோபத்தில் காது சிவந்தது. இப்போது அந்தப் பெயரிலேயே விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருக்கிறாள்.

அண்ணி பதினாலு வருஷம் சலவைக் கடை நடத்தியவள். கறையைப் பார்த்தே ஆளின் ஜாதகத்தைச் சொல்வாள். இந்த மனிதர் வீட்டில் சொல்லிக்கொண்ட இடத்துக்குப் போகவில்லை, இந்த அம்மாள் டாக்டர் வேண்டாமென்ற இனிப்பைத் தின்றிருக்கிறாள் என்று சட்டைகளும் சேலைகளும் அவளிடம் கோள் சொல்லும். ஒருநாள் துவைக்கும் மெஷின்களையெல்லாம் விற்றுவிட்டு, போர்டில் ‘சலவை’யை மட்டும் அழித்து ‘துப்பறியும்’ என்று எழுதிக்கொண்டாள். மிச்சமிருந்த ‘நிலையம்’ இரண்டுக்கும் பொருந்தியது. இன்றைக்கும் சிலர் அழுக்குக் கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பதுண்டு.

இன்றைய வழக்கும் அப்படிக் கோட்டு வழியாக வந்ததுதான். மூலிகை ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாம் மாடியில் வேலை செய்யும் இந்த ஆராய்ச்சிக்காரி, தன் வெள்ளைக் கோட்டுகளை அண்ணியிடம்தான் வெளுக்கப் போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் அழுதுகொண்டே போன் செய்தவள், இப்போதும் அழுகையை முழுசாக நிறுத்தியபாடில்லை.

“மறுபடி ஒரு தடவை சொல்லும்மா. ரேடியோவுக்கும் புரியிற மாதிரி” என்றாள் அண்ணி.

“எனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரிஞ்ச மாதிரி” என்று ரேடியோ ஒத்துக்கொண்டாள்.

ஆராய்ச்சிக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேஜையைக் காட்டினாள். ஐஸ் நிரப்பிய தட்டில் கட்டைவிரல் உயரப் பழுப்புக் குப்பிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு மூடியிலும் ஒரு எண். குளிர்பெட்டி உடைந்துபோனதால் காலையில் இங்கே மாற்றி வைத்திருந்தார்கள்.

“வெட்டுக் காயத்துல ரத்தம் நிக்கறதுக்கு இலைச் சாறு கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை. மொத்தம் இருபத்துநாலு செடி. எது எந்தச் செடின்னு எனக்கே தெரியாது, வெறும் நம்பர்தான். தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சுடும் பாருங்க. பேர் எழுதின பட்டியல் சீல் வச்ச கவர்ல இயக்குநர்கிட்ட மட்டும் இருக்கு.”

“சாறு வேலை செய்யுதான்னு எப்படிப் பாப்பே?”

“உறையாம பதப்படுத்தின ரத்தத்தைக் கண்ணாடிக் குழாய்ல எடுத்து, மறுபடி உறையத் தூண்டுற மருந்தை விட்டு, அதோட ரெண்டு சொட்டுச் சாறு. குழாயை வெந்நீர்ல நிக்க வச்சு, அஞ்சு விநாடிக்கு ஒரு தடவை சாய்ப்போம். ரத்தம் ஓடாம நின்னுட்டா உறைஞ்சாச்சுன்னு அர்த்தம். ஒருத்தர் சாய்க்கணும், இன்னொருத்தர் கடிகாரம் பிடிக்கணும். சாய்க்கிறவர் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, கடிகாரக்காரர் குழாயைப் பார்க்கக் கூடாது. இல்லேன்னா நம்மளை நாமே ஏமாத்திக்குவோம்.”

“எங்க வீட்டுலயும் இதே ஏற்பாடுதான். அண்ணன் சமையலைப் பார்க்க மாட்டான், அண்ணி அவன் முகத்தைப் பார்க்க மாட்டாங்க” என்றாள் ரேடியோ.

அண்ணி பார்த்த பார்வையில் ரேடியோவின் சத்தம் ஒரு படி குறைந்தது. ஆராய்ச்சிக்காரி தொடர்ந்தாள். வெறும் தண்ணீர் விட்டால் ரத்தம் உறைய ஐந்து நிமிஷம் ஆகும். மற்ற சாறுகளில் மூன்று, நாலு. ஒன்பதாம் நம்பர் விட்டால் ஐம்பது விநாடி கூட ஆகாது. நாற்பது தடவை செய்து பார்த்தாயிற்று, நாற்பது தடவையும் அதே கதை. இன்று நாலு மணிக்கு மேலிடத்திலிருந்து கமிட்டி வருகிறது. அவர்கள் கண்முன்னால் செய்து காட்ட வேண்டும். காலையில் வந்து பார்த்தால் கண்ணாடி உடைந்திருக்கிறது, ஒன்பதாம் நம்பரைக் காணோம்.

“புதுசா செய்ய முடியாதா?”

“இலையைப் பச்சைத் தண்ணியில ஒன்பது நாள் ஊற வைக்கணும் மேடம். நாலு மணிக்குள்ள குப்பி கிடைக்கலேன்னா நான் பொய்க்காரி. ரிசல்ட்டெல்லாம் நானே கதை கட்டினேன், மாட்டிக்குவேன்னு பயந்து நானே குப்பியை ஒளிச்சேன்னு இயக்குநர் எழுதி வச்சுட்டார். அஞ்சு வருஷ உழைப்பு. இனி எந்த ஆராய்ச்சிக்கூடத்துலயும் என்னைச் சேத்துக்க மாட்டாங்க.”

ரேடியோவுக்கே இந்த இடத்தில் ஜோக் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று நாற்பது.

தட்டின் கடைசியில் எண்ணுக்குப் பதிலாகச் சைபர் போட்ட மூடிகள் கண்ணில் பட்டன. “இது என்ன, பரீட்சையில பெயிலான செடிங்களா?”

“இல்ல, அது வெறும் தண்ணி. ஒப்பிட்டுப் பார்க்க வச்சிருக்கோம்.”

“தண்ணிக்குக்கூட இங்க பரீட்சை உண்டா! பாவம்.”

“நம்பர் ஏன் மூடியில இருக்கு?” என்று கேட்டாள் அண்ணி.

“குளிர்ல குப்பி வேர்த்து லேபிள் உரிஞ்சுடுது. அதனால நாங்க எப்பவும் மூடியிலதான் எழுதுவோம்.”

அண்ணி அதை மனசின் எந்த மூலையிலோ மடித்து வைத்துக்கொண்டதை ரேடியோ கவனித்தாள். அப்படி மடித்து வைக்கும்போது அண்ணியின் இடது புருவம் லேசாக ஏறும். பிறகு அண்ணி தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு சொட்டாக முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்தாள்.

கதவு திறந்தது. இயக்குநர் வந்தார். பழுப்பேறாத கோட்டு, படிய வாரிய தலை, இரண்டு கையிலும் வெள்ளைக் கையுறை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“துப்பறியறதுக்கு இங்க என்ன கொலையா நடந்திருக்கு? உள்ளே இருக்கிறவங்களே செஞ்ச வேலை. அறைக் கதவுப் பூட்டு உடையல. சாவி எங்கிட்ட, ஸ்டோர்காரர்கிட்ட, கழுவுற அம்மாகிட்ட, இந்தப் பொண்ணுகிட்டதான் இருக்கு.”

“குளிர்பெட்டிச் சாவி?”

“அது இந்தப் பொண்ணு கழுத்துல மட்டும்.”

“அப்ப சாவி வச்சிருக்கிறவ ஏன் சார் கண்ணாடியை உடைக்கணும்?”

இயக்குநர் ஒரு விநாடி தடுமாறினார். “திருட்டுன்னு நம்ப வைக்கத்தான்” என்றார்.

“இருக்கலாம். நீங்க இந்தக் குப்பிங்களைத் தொடறதுண்டா சார்?”

“இருபது வருஷமா கையுறை இல்லாம இந்த அறையில ஒரு பொருளை நான் தொட்டதில்ல. அதுதான் ஒழுங்கு. யாரை வேணா கேட்டுப் பாருங்க.” சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரேடியோ அண்ணியின் காதருகே குனிந்தாள். “கண்ணாடியை உடைச்சவன் கையைக் கிழிச்சிருக்கான். சரி, வெட்டுக் கையைத் தேடலாம்னா இந்தக் கட்டடத்துல எல்லாருமே கையுறை போட்டுக்கிட்டு அலையறாங்க. இயக்குநருக்கு வெள்ளை, ஸ்டோர்காரருக்குத் துணி, கழுவுற அக்காவுக்கு முழங்கை வரைக்கும் ரப்பர். மூஞ்சியைத் தவிர ஒண்ணையும் காட்ட மாட்டேங்கறாங்க.”

“வெட்டுக் கை இருக்கட்டும். முதல்ல வெட்டு ஏன் நின்னுச்சுன்னு யோசி.”

“என்னது?”

அண்ணி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். “ஏழு சொட்டும் ஒரே பருமன். கடைசிச் சொட்டு முதல் சொட்டை விடச் சின்னதா இல்ல. அப்படின்னா ரத்தம் கொஞ்சம் கொஞ்சமா குறையல. நல்லா வடிஞ்சுக்கிட்டிருந்தது, சட்டுனு நின்னுடுச்சு. துணியால அமுக்கினான்னு வச்சுக்கோ, துணியில நனைஞ்சு இன்னும் நாலு சொட்டாவது விழுந்திருக்கும். தொட்டியில கழுவினான்னா தொட்டி ஓரத்துல இருக்கும். ஒண்ணும் இல்ல.”

ரேடியோவின் வாய் திறந்தபடி நின்றது. அதிலிருந்து சத்தம் எதுவும் வராதது அந்த மாதத்தில் இரண்டாவது முறை.

“கையில அப்ப என்ன இருந்தது?” என்று அண்ணியே கேட்டு, அண்ணியே பதிலும் சொன்னாள். “ஒன்பதாம் நம்பர். திருடின பொருளைத் திருடன் நின்ன இடத்துலயே சோதனை பண்ணிப் பார்த்துட்டான். நாற்பத்தோராவது சோதனை. அதுவும் பாஸ்.”

ஆராய்ச்சிக்காரி அழுகையை நிறுத்திவிட்டு, அந்த ஏழாவது சொட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து வருஷத்தில் தன் சாறு மனிதக் காயத்தில் வேலை செய்ததற்கு அவள் கண்ட முதல் சாட்சி அது. 

“ஆனா திருடன் ஓடற வழி கதவுதானே? இவன் ஏன் தொட்டிக்குப் போறான்?” என்று ரேடியோ கேட்டாள்.

“கொட்டறதுக்கு. எடுத்துக்கிட்டுப் போறதுக்காக வரல. அழிக்கிறதுக்காக வந்திருக்கான்.”

ஆராய்ச்சிக்காரியின் முகம் மறுபடி சுருங்கியது. அண்ணி அதைக் கவனிக்காதவள் போலக் கதவைத் திறந்து, “அக்கா, ஒரு நிமிஷம்” என்று குரல் கொடுத்தாள்.

கண்ணாடிக் குழாய் கழுவும் அக்கா ரப்பர் கையுறையோடு வந்து நின்றாள். காலை ஏழு மணிக்கு அறையைத் திறப்பது அவள்தான்.

“காலையில வந்ததும் இந்தத் தொட்டி எப்படியிருந்தது?”

“பளிச்சுன்னு வெள்ளையா இருந்துச்சும்மா. ஏன் கேக்கறீங்க?”

“ஒன்பதாம் நம்பர் சாறு இதுல கொட்டினா என்ன ஆகும்?”

“ஐயோ, அந்தச் சனியனா! ஒரு சொட்டு விழுந்தாலும் பழுப்பா கறை பிடிச்சுக்கும். பவுடர் போட்டு அரை மணி நேரம் தேச்சாத்தான் போகும். என் இடுப்பு ஒடிஞ்சதே அதுனாலதான்.”

அண்ணியின் முகத்தில் பழைய சலவைக்காரியின் சிரிப்பு வந்தது. “கொட்டல. கொட்டத்தான் வந்தான், ஆனா கொட்டல. குப்பி எங்கயோ இருக்கு.” பிறகு ஆராய்ச்சிக்காரியிடம் திரும்பினாள். “இந்தச் சாறு துவர்க்குமா?”

“நாக்கு ஒட்டிக்கிற மாதிரி துவர்ப்பு.”

“துவர்ப்புக் கறையும் இரும்புத் துருவும் சேர்ந்தா என்ன ஆகும்னு உங்க புஸ்தகத்துல இருக்கான்னு தெரியாது. என் கடையில தேநீர் கொட்டின சட்டையைத் துருப்பிடிச்ச வாளியில ஊற வச்சு, ஒரு கல்யாண மாப்பிள்ளைகிட்ட நான் வாங்கின திட்டு எனக்குத் தெரியும். மை மாதிரி கறுத்துடும்.”

“புஸ்தகத்துலயும் இருக்கு மேடம். துவர்ப்பு இருக்கான்னு பார்க்க நாங்களே இரும்பு உப்புக் கரைசல் விடுவோம். அதோ, அலமாரியில மஞ்சளா இருக்கு.”

“நல்லதாப் போச்சு. ரேடியோ, மூணு வெள்ளைத் துண்டு எடு.”

மூன்று மணிக்குக் கூட்டம் கூடியது. இயக்குநர், கழுவும் அக்கா, கீழ்த்தளத்திலிருந்து வரவழைக்கப்பட்ட ஸ்டோர்காரர். ஸ்டோர்காரர் ஆறடி உயரம், மூட்டை தூக்கும் தோள், எதற்கெடுத்தாலும் கலங்கும் கண்.

“கைரேகை எடுக்கப் போறோம். யாரையும் சந்தேகப்படல, சும்மா ஒரு முறைக்கு. கையுறையைக் கழட்டிட்டு இந்த ஈரத் துண்டுல கையைச் சுத்தமா துடைச்சுக்குங்க. கிருமி நாசினி, அதான் மஞ்சளா இருக்கு” என்றாள் அண்ணி. பொய் சொல்லும்போது அவள் குரலில் தேன் வழியும்.

“நான் எதுக்கு?” என்றார் இயக்குநர்.

“நீங்க முதல்ல கை கொடுத்தா மத்தவங்க கூச்சப்பட மாட்டாங்க சார்.”

அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு உச்சி குளிர்ந்தது. கையுறையைக் கழற்றினார். ரேடியோ கரைசலில் நனைத்த துண்டுகளைப் பிழிந்து பிழிந்து ஆளுக்கொன்று நீட்டினாள். அவள் கையெல்லாம் மஞ்சள் தண்ணீர்.

ஸ்டோர்காரர் துடைத்தார். ஒரு நிமிஷத்தில் அவருடைய இரண்டு உள்ளங்கையும் சாம்பல் நிறமானது.

“பிடிச்சாச்சு!” என்று ரேடியோ துள்ளி, கதவை மறித்துக்கொண்டு நின்றாள். ஸ்டோர்காரர் கண் கலங்கிவிட்டார்.

“நகரு” என்றாள் அண்ணி. “அவர் காய்ஞ்ச இலை மூட்டை தூக்கறவர். இலைத்தூசி உள்ளங்கை பூராவும் ஒரே சீரா ஒட்டியிருக்கு. நாம தேடறது அது இல்ல.”

ரேடியோ முகத்தில் அசடு வழிந்தது. “மன்னிச்சுக்குங்க அண்ணே. நீங்க ரொம்பப் பெரிய ஆளா இருந்தீங்க, கண்ணுல முதல்ல பட்டுட்டீங்க.”

கழுவும் அக்காவின் கைகள் துடைத்தும் வெளுப்பாகவே இருந்தன. ரப்பர் கையுறைக்குள் வருஷக்கணக்காக ஊறிய கைகள். கடைசியில் எல்லோர் கண்ணும் இயக்குநரின் வலது கைக்குப் போனது. கட்டைவிரலின் நுனியிலிருந்து கணு வரைக்கும் நீலக்கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது. நடுவே கோடு கிழித்த மாதிரி ஒரு வெட்டு. வெட்டுக்குள்தான் கறுப்பு மிக அடர்த்தி.

“இருபது வருஷமா கையுறை இல்லாம தொட்டதில்லன்னீங்களே சார்” என்றாள் அண்ணி மெதுவாக.

இயக்குநர் கையை இழுத்துக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். அக்காவையும் ஸ்டோர்காரரையும் வெளியே போகச் சொன்னார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார்.

“கறுத்த விரலைக் கமிட்டிகிட்டக் காட்டுங்க. பேனா மை கொட்டிடுச்சும்பேன். குப்பி இல்லாம நீங்க எதை நிரூபிப்பீங்க? அதைக் கொட்டியாச்சு.”

“கொட்டல. தொட்டி வெள்ளையா இருந்தது.”

“அப்ப தேடிக்குங்க” என்றார் அவர். குரலில் உறுதி இருந்தது. 

“ஏன் சார்?” என்று ஆராய்ச்சிக்காரி கேட்டாள். திட்டவில்லை. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. “இது உங்க நிலையத்துக்கும் பேர்தானே?”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று இருபத்தைந்து.

அடுத்த பத்து நிமிஷம் அறையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். இழுப்பறை, குப்பைக் கூடை, குளிர்பெட்டியின் பின்பக்கம், இயக்குநரின் அறை, கோட்டு மாட்டும் ஆணி வரைக்கும் பார்த்தாயிற்று. இழுப்பறையில் எண் எழுதாத உதிரி மூடிகள் ஒரு பொட்டலம்தான் கிடைத்தது. தட்டில் இருந்த குப்பிகளை ஆராய்ச்சிக்காரி மூடி மூடியாக மறுபடி படித்தாள். எட்டு இருந்தது, பத்து இருந்தது, ஒன்பது இல்லை. ரேடியோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மேஜைக்கு அடியில் ஊர்ந்தாள். தலையில் ஒரு முட்டு வாங்கியதுதான் மிச்சம்.

எழுந்தபோது மஞ்சள் கரைசல் பட்ட விரல்களில் அரிப்பெடுத்தது. கழுவலாமென்று தொட்டிக்குப் போனால், திரும்பி வந்திருந்த அக்கா கண்ணாடிக் குழாய்களை அலசிக்கொண்டே, “இங்க வராதே, அந்த மஞ்சளை என் தொட்டியில விடாதே!” என்று கத்தினாள்.

“ஒரு விரல் கழுவக்கூட இங்க கமிட்டி போடணும் போலிருக்கு” என்று முணுமுணுத்தபடி ரேடியோ மேஜைக்குத் திரும்பினாள். சைபர் போட்ட குப்பிகள் கண்ணில் பட்டன. வெறும் தண்ணிதானே? ஓரத்தில் இருந்த ஒன்றை எடுத்தாள், மூடியைத் திருகினாள், குப்பைக் கூடைக்கு மேலே இரண்டு விரலை நீட்டி ஊற்றினாள்.

“அதைத் தொடாதீங்க!” என்று இயக்குநர் அலறினார்.

அறையே திரும்பிப் பார்த்தது. ஒரு குப்பித் தண்ணீருக்கு யாரும் அப்படி அலறுவதில்லை.

ரேடியோ தன் விரல்களைப் பார்த்தாள். நகம் முதல் நடுக்கணு வரை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு விரலும் கறுகறுவென்று கறுத்தன.

“அண்ணி, தண்ணி என்னைக் கறுப்பாக்குது” என்றாள் தீனமான குரலில்.

“நிறுத்து! சாய்க்காதே! அப்படியே பிடி!” அண்ணி பாய்ந்து வந்து குப்பியைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள். “எத்தனை தண்ணிக் குப்பி வச்சிருந்தே?”

“மூணு” என்றாள் ஆராய்ச்சிக்காரி. அண்ணி வைத்த குப்பியோடு சேர்த்து எண்ணினாள். “நாலு. நாலு இருக்கு!”

“மொத்தக் குப்பி எத்தனைன்னு காலையிலேருந்து யாரும் எண்ணல. எல்லாரும் மூடியைப் படிச்சீங்க. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன், மூடியில நம்பர்னு சொன்னப்பவே நான் எண்ணியிருக்கணும்” என்று அண்ணி தன் நெற்றியில் தட்டிக்கொண்டாள். “உதிரி மூடி ஒண்ணை எடுத்து ஒரு சைபர் போட்டுட்டா, குப்பி இருந்த இடத்துலயே காணாமப் போயிடும். தண்ணிக் குப்பியை யாரு திரும்பிப் பார்ப்பா? இந்த மாதிரி ஒரு ஒளிவிடம் இந்த அறையில வேலை செஞ்சவருக்கு மட்டும்தான் தோணும்.”

ஆராய்ச்சிக்காரி குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பாதிக்கும் கீழே இருந்தது.

“நான் கொட்டிட்டேனா?” என்றாள் ரேடியோ. வாழ்க்கையில் முதல்முறையாக வாயைப் போலவே கையையும் கட்டிப் போட்டிருக்கலாமென்று தோன்றியது.

“ரெண்டு சொட்டு போதும்” என்றாள் ஆராய்ச்சிக்காரி. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “ரெண்டே ரெண்டு சொட்டு போதும்.”

இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை விறைப்பாக இருந்த கோட்டுக்குள் அந்த மனிதர் ஒரு சுற்றுச் சிறுத்தது போலிருந்தது.

“அந்தக் கவர்ல எந்தச் செடின்னு எனக்கு மட்டும்தானே தெரியும்” என்று ஆரம்பித்தார். “பத்து வருஷம் முன்னால அதே செடியை நான்தான் சோதிச்சேன். கொதிக்க வச்சுச் சாறு எடுத்தேன். ஒண்ணுமே நடக்கல. எதுக்கும் உதவாத செடின்னு அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கறாரா எழுதின அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் என்னை இந்த நாற்காலியில உக்கார வச்சாங்க. இந்தப் பொண்ணு வந்து பச்சைத் தண்ணியில ஊற வச்சிருக்கா, அவ்வளவுதான். கொதிக்க வச்சு அதைக் கொன்னவன் நான். இன்னிக்குக் கமிட்டி முன்னால கவரைப் பிரிச்சா ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கும்தான்” என்றாள் ரேடியோ. அண்ணி அவள் காலை மிதித்தாள்.

“கொட்டத்தான் போனேன். கை வேற கிழிஞ்சு ரத்தம் கொட்டுது. தொட்டிகிட்டப் போனதும் ஒரு வீம்பு. பெரிய சாறு, எங்கே என் ரத்தத்தை நிறுத்து பாப்போம்னு விரல்ல விட்டேன்.” அவர் பைக்குள்ளிருந்து கையை எடுத்தார். கறுத்த கட்டைவிரலை வேறு யாருடைய விரலையோ பார்ப்பது போலப் பார்த்தார். “பழக்கதோஷம், மனசுக்குள்ள விநாடி எண்ண ஆரம்பிச்சுட்டேன். முப்பதுகூட எண்ணல. நின்னுடுச்சு. வீட்டுல சொல்ல முடியாது, இங்க சொல்ல முடியாது. தனியா நின்னு அந்த விரலையே பார்த்துக்கிட்டிருந்தேன். இருபது வருஷம் நான் தேடினது அதுதானே? அதுக்கப்புறம் கொட்ட மனசு வரல.”

 கழுவும் அக்கா தண்ணீர்க் குழாயை மூடினாள். கீழே வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“போலீஸ்ல சொல்லணுமா மேடம்?” என்று ஆராய்ச்சிக்காரி அண்ணியைக் கேட்டாள்.

“உன் குப்பி. உன் இஷ்டம்.”

ஆராய்ச்சிக்காரி யோசித்தாள். ஒன்பது என்று எழுதிய பழைய மூடி கிடைக்கவில்லை. இழுப்பறையிலிருந்து புது மூடி எடுத்துப் பெரிதாக ஒன்பது என்று எழுதித் திருகினாள். கொஞ்சம் தயங்கி, இந்தத் தடவை குப்பியின் வயிற்றிலும் எழுதினாள். பிறகு நிறுத்துக்கடிகாரத்தை எடுத்துப் போய் இயக்குநர் முன்னால் நீட்டினாள்.

“நான் சாய்க்கிறேன் சார். நீங்க கடிகாரம் பிடிங்க. கையுறை வேண்டாம்.”

நாலு மணிக்குக் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் மேஜையைச் சுற்றி நின்றார்கள். ரேடியோவும் அண்ணியும் சுவரோரம். ஆராய்ச்சிக்காரி ரத்தக் குழாயில் இரண்டு சொட்டு விட்டு, வெந்நீரில் நிறுத்தினாள். இயக்குநர், நிலையத்தின் ஒழுங்குப்படி, குழாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கடிகாரத்தை அழுத்தினார். அவள் சாய்த்தாள். ஓடியது. சாய்த்தாள். ஓடியது. ரேடியோ மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஊற்றிக் கொட்டிய பாதிக் குப்பியும் நெஞ்சில் கனத்தது.

“நின்னுடுச்சு!”

கறுத்த கட்டைவிரல் கடிகாரத்தை அழுத்தியது. இயக்குநர் அதைப் பார்த்தார். பொய்யான எண்ணைச் சொல்ல அவருக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு இருந்தது. கடிகாரம் அவர் கையில் மட்டும்தான் இருந்தது.

“நாற்பத்தெட்டு விநாடி” என்றார்.

கமிட்டித் தலைவர் அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கி, “விரல்ல என்ன சார்?” என்று கேட்டார்.

“இதுவும் ஒன்பதாம் நம்பர் ரிசல்ட்தாங்க. பத்து வருஷம் முன்னால இந்தச் செடியைப் பத்தி நான் எழுதினது தப்பு. உக்காருங்க, முழுசா சொல்றேன்” என்று சொல்லி, சீல் வைத்த கவரைத் தானே கிழித்தார்.

ஆராய்ச்சிக்காரி குழாயை இன்னும் சாய்த்தபடியே பிடித்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்த ரத்தம் அசையவில்லை. அவள் கண்ணிலிருந்துதான் நீர் வடிந்துகொண்டிருந்தது.

மாடிப்படி இறங்கும்போது ரேடியோ தன் கறுத்த இரண்டு விரலையும் வெளிச்சத்தில் ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். “கண்டுபிடிச்சது யாரு? நான். தண்ணின்னு நினைச்சாலும் சரியான குப்பியைத்தானே எடுத்தேன்? உங்க பதினாலு வருஷ அனுபவம் பண்ணாததை என் அரிப்பு பண்ணிடுச்சு பார்த்தீங்களா அண்ணி? இந்தக் கறை எப்பப் போகும்? அண்ணன் கேட்டா என்ன சொல்றது? நாளைக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போகணும், அங்க எல்லாரும்...”

“மூணு நாள் இருக்கும்” என்றாள் அண்ணி. “வரும்போது அந்தப் பொண்ணுகிட்ட உனக்காக ஒரு சொட்டு கேட்டேன்.”

“எனக்கா? எதுக்கு? எனக்குத்தான் காயமே இல்லையே?”

“நாக்குல விட்டுப் பார்க்கலாம்னுதான். ரத்தத்தை மட்டும்தான் நிறுத்துமாம், ரேடியோவை நிறுத்தாதாம்.”